எண்பத்தேழில் ஒரு பங்கு யாழ்தேவி

"வாத்தியாருக்கு ஐம்பத்தாறு வயதில் குழந்தைப் புத்தி வந்துவிட்டது. விளையாட்டுச் சாமான் கடைகளில் றெயில் வாங்கித் திரிகிறாராம்" என்று ஸ்காபரோவில் நம்மவர் கூடும் இடங்களில் ஒரு கதை உலாவுவதாக நண்பர் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தார். கதை உண்மைதான். மறுப்பு அறிக்கை எதுவும் விடும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் இப்பத்தியைத் தவறாது படித்துவரும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் அளிப்பது என் கடமை. கடந்த இரு குளிர்காலங்களாக நான் செய்துவருவது மாதிரிப் புகையிரதம் அமைக்கும் வேலை. அது விளையாட்டா, வேறேதுமா என்பதை இக்கட்டுரையின் முடிவில் வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இதன் தொடக்கம் எங்கள் அயல்வீட்டில். இந்நாட்டுப் புகையிரத சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அங்கு தனியே வாழ்கிறார். ஒரு பனிநாளில் அவருடைய நடைபாதையைத் துப்புரவு செய்து கொடுத்தேன். நன்றி சொல்லும் பாவனையில் என்னை உள்ளே அழைத்துச் சென்று, தமது பேஸ்மென்ற் கதவைத் திறந்தார். படியிறங்கிய நான் திகைத்து நின்றேன். மூன்று சுவர்களையும் அணைத்து இடுப்புயரத்தில் ஒரு மேசை. அதன்மேல் மலை, ஆறு, மரப்பாலம், தானியக் களஞ்சியம், சிறு நகரம். அவற்றின் நடுவே உள்ளங்கையளவு எஞ்சின் ஒன்று இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெல்ல வந்தது.

இந்தக் கலைக்கு ஒரு கணக்கு உண்டு. வட அமெரிக்காவில் பெரிதும் வழங்குவது எச்.ஓ. என்னும் அளவை. ஓ என்ற பழைய அளவையின் பாதி என்பதே அப்பெயரின் பொருள். உண்மையான பொருளின் ஓர் அடி இங்கே மூன்றரை மில்லிமீற்றர், அதாவது எண்பத்தேழில் ஒரு பங்கு. 60 அடிப் பெட்டி 21 சென்ரிமீற்றர் ஆகும். ஆறடி மனிதன் 21 மில்லிமீற்றர். நம்மூர்ப் பனையொன்று 60 அடி உயரமாயின், அப்பெட்டியை நிமிர்த்திவைத்த அளவுக்கு நிற்கும். 1935 இல் அமெரிக்காவில் தோன்றிய தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் தண்டவாள இடைவெளி, சக்கர வடிவம், பெட்டியின் எடை என்பவற்றுக்கெல்லாம் நியமங்களை வகுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் இன்று ஒரே பாதையில் ஓடுவது அந்நியமங்களினாற்றான்.

அன்று அம்முதியவரிடம், "எங்கள் நாட்டிலும் யாழ்தேவி என்றொரு வண்டி ஓடியது. 1956 ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கிய சேவை. சிறுவயதில் தந்தையாருடன் அதிற் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். அதன் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது" என்று உணர்ச்சியோடு சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "மிக நல்லது. அந்த எஞ்சினின் முன்புறத்தில் எத்தனை கண்ணாடிகள்?" என்று வினவினார்.

எனக்குத் தெரியவில்லை.

"பெட்டிக்கு ஒரு பக்கத்தில் எத்தனை யன்னல்கள்? கதவின் கைப்பிடிக் கம்பி இடப்புறமா, வலப்புறமா?" ஒன்றுக்கும் விடையில்லை. யாழ்தேவியைப் பற்றி மேடைகளிற் பேசியிருக்கிறேன். இப்பத்தியிலேயே கண்ணீர் வர எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் யன்னல்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. பரீட்சை மண்டபத்தில் வெற்றுத்தாளோடு அமர்ந்திருக்கும் மாணவனைப்போல அன்று வீடு திரும்பினேன். மறுவாரம் அவரிடம் சென்று, "எனக்கு இதைக் கற்றுத் தாருங்கள்" என்றேன்.

* * *

யாழ்தேவியை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு எஞ்சின்கள் இழுத்தன. அவற்றுள் எம்2 என்ற வகையை நான் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா இலங்கைக்கு அன்பளிப்பாக வழங்கிய எஞ்சின்கள் அவ்வகையின. ஜி12 என்று தொழிற்சாலை பெயரிட்ட அவை, இதே ஒன்ராறியோ மாகாணத்தின் இலண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் டீசல் தொழிற்சாலையில் உருவானவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று அவற்றுக்கு இந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள். 2004 மார்கழி 26 ஆம் நாள் பெரலியவில் ஆழிப்பேரலை விழுங்கிய வண்டியை இழுத்துச் சென்றது மனிற்றோபா. பின்னர் அதனைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள்.

நாம் ஏதிலிகளாக ஒன்ராறியோவுக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஒன்ராறியோ என்ற எஞ்சின் நம் நாட்டுக்குச் சென்று சேர்ந்திருந்தது. நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் எத்தனையோ தடவை அந்த இலண்டன் நகரைக் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறையேனும் இது என் நினைவுக்கு வந்ததில்லை. அத்தொழிற்சாலையை 2012 இல் மூடிவிட்டார்கள்.

ஜி12 உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. நியூசிலாந்தில் டிஏ என்ற பெயருடன் ஓடியதும் இதுவே. பிரேசிலும் இவற்றை வாங்கியது. அதனால் அந்நாட்டு ஃபிரட்டெஸ்கி நிறுவனம் எச்.ஓ. அளவையில் ஜி12 மாதிரியொன்றைச் செய்து விற்றது. பழையதொன்றைத் தேடிப் பிடித்தோம். "எஞ்சின் கிடைத்துவிட்டதே, வண்ணம் பூசினால் வேலை முடிந்தது" என்று நினைத்தேன். அயல்வீட்டார் சிரித்தார்.

முதலாவது சிக்கல் சக்கரங்கள். எனக்குக் கிடைத்த மாதிரியில் எஞ்சினைத் தாங்கும் போகி ஒவ்வொன்றுக்கும் இரண்டு அச்சுகளே இருந்தன. இலங்கைக்கு முதலில் வந்த ஜி12களில் ஒவ்வொரு போகிக்கும் மூன்று அச்சுகள். முன்னதும் பின்னதும் மோட்டார் பூட்டியவை. நடுவிலுள்ளது இழுக்காது, பாரத்தைத் தாங்குவது மட்டுமே அதன் தொழில். ஆகவே போகிகளைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது சிக்கல் முகப்பு. பிரேசில் எஞ்சினின் முன்விளிம்பில் நடுவே ஒரு கொளுவி மட்டுமே. நம் நாட்டில் பிரித்தானிய முறைப்படி இருபுறமும் வட்டத்தட்டு வைத்த மோதுதாங்கிகளும், நடுவில் கொழுக்கியும் திருகுச் சங்கிலியும் இருக்கும். அந்தச் சிறு வட்டத்தட்டுகளைப் பித்தளைக் கோலிலிருந்து கடைந்தெடுக்க மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன.

மூன்றாவது சிக்கலே பெரியது. கனடாவின் தண்டவாளங்களுக்கிடையே நான்கடி எட்டரை அங்குலம். இலங்கையில் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். அதனை எண்பத்தேழாற் பிரித்தால் 19 மில்லிமீற்றருக்குச் சற்றே கூட. கடையில் விற்கும் பாதையோ பதினாறரை மில்லிமீற்றர். இரண்டே முக்கால் மில்லிமீற்றர் வித்தியாசத்தை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அப்போது அவர் இங்கிலாந்தின் கதையைச் சொன்னார். அங்கே வண்டியின் உடலை அடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்ற கணக்கிற் செய்து, அடிக்கு மூன்றரை மில்லிமீற்றருக்குரிய பதினாறரை மில்லிமீற்றர்ப் பாதையிலேயே ஓட்டும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வண்டிகளெல்லாம் ஒல்லிக்கால்களில் நிற்பதுபோல் இருப்பதைப் பொறுக்கமாட்டாத சிலர், சரியான அளவாகிய 18.83 மில்லிமீற்றருக்குத் தம் கையாலேயே பாதை அமைக்கிறார்கள். இரு சாராருக்குமிடையே பல்லாண்டு காலமாக வாக்குவாதம் நடக்கிறது. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் பிறந்த ஊரின் பாதையை இரண்டே முக்கால் மில்லிமீற்றர் சுருக்க என் மனம் ஒப்பவில்லை. செம்பு பூசிய பட்டிகளைச் சிலிப்பர்க் கட்டைகளாக வெட்டி, அவற்றின்மேல் தண்டவாளத்தை ஈயத்தாற் பற்றவைத்து, நான்கு அடி நீளமான பாதையொன்றை அமைத்தேன். ஒரு மாதமாயிற்று. விரலில் மூன்று சூட்டுத் தழும்புகள்.

* * *

நுணுக்க வேலை என்பது என்னவென்று ஓர் உதாரணத்தாற் காட்டுகிறேன். தொழிற்சாலை மாதிரிகளில் கைப்பிடிக் கம்பிகளை உடலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். தொலைவிற் பார்த்தால் கம்பி, அருகிற் பார்த்தால் வெறும் மேடு. அதனைக் கூரிய கத்தியாற் சீவியெடுத்து, மூன்றிலொரு மில்லிமீற்றர்த் துளையிட்டு, 0.3 மில்லிமீற்றர்ப் பித்தளைக் கம்பியை வளைத்துச் செருக வேண்டும். 0.3 ஐ 87 ஆற் பெருக்கினால் 26 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஓரங்குலம். உண்மைக் கம்பியின் தடிப்பும் அவ்வளவுதான். துளையிடும் ஊசி தலைமயிர் போன்றது. சற்றே சாய்ந்தால் முறிந்துவிடும். முதல் எஞ்சினில் நான் ஒன்பது ஊசிகளை முறித்தேன்.

வண்ணத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். தூரிகையால் அள்ளிப் பூசினால் பூச்சின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் வந்துவிடும். எண்பத்தேழு மடங்காகப் பெருக்கினால் ஒன்பது மில்லிமீற்றர். சுவருக்குச் சீமெந்து பூசியதற்கு ஒப்பானது அது. ஆணித்தலைகளெல்லாம் அதற்குள் மறைந்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சாகப் பலமுறை பூச வேண்டும். நிறத்தையும் அப்படியே எடுத்தல் ஆகாது. தூரத்திலுள்ள பொருள் வெளிறித் தோன்றுவது இயல்பு. சிறிய மாதிரியைப் பார்ப்பதும் பெரிய வண்டியைத் தூரத்தில் நின்று பார்ப்பது போன்றதே. எனவே மூலநிறத்தோடு சிறிது வெள்ளை சேர்க்க வேண்டும். பின்னர் இந்திய மையைச் சாராயத்தில் ஐதாகக் கரைத்து மேலே ஓடவிட்டால், இடுக்குகளிலே கரி தங்கும். சுண்ணக்கோலைத் தூளாக்கி அடிப்பாகத்தில் தேய்த்தால் புழுதி படியும். இருபது ஆண்டுகள் சுண்ணக்கட்டியோடு வாழ்ந்தவனுக்கு இந்த வேலை மட்டும் முதல்நாளே கைவந்தது.

என் முதலாவது பெட்டியைப் பாழாக்கியது பசை. யன்னற் கண்ணாடியில் ஒரு துளி பட்டது. துடைக்கப்போய் என் பெருவிரலின் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. எண்பத்தேழு மடங்கிற் பார்த்தால், பயணியின் முகத்தை முழுவதும் மறைக்கும் கைரேகை. அப்பெட்டியை எறியாமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன். அவசரப்படும் நாட்களில் அதனை எடுத்துப் பார்ப்பதுண்டு.

இக்கலையில் சுருக்க முடியாத ஒன்றும் உண்டு. அது எடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் எண்பத்தேழில் ஒன்றாகும்போது கனவளவு ஏறத்தாழ ஆறு இலட்சத்து அறுபதாயிரத்தில் ஒன்றாகிவிடும். 80 தொன் எடையுள்ள எஞ்சின் இக்கணக்கின்படி 120 கிராம் மட்டுமே, ஓர் அப்பிள்பழத்தின் எடைகூட இல்லை. அவ்வளவு இலேசான எஞ்சின் தண்டவாளத்தைப் பற்றாது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். ஆகவே உள்ளே ஈயக்கட்டிகளை வைக்கிறார்கள். பெட்டிகளுக்கும் நியமம் உண்டு. ஓர் அவுன்சு, அதனோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. என் 21 சென்ரிமீற்றர்ப் பெட்டிக்கு ஏறத்தாழ 145 கிராம். இதைவிட இலேசானால் வளைவிலே தடம் புரளும்.

* * *

வளைவைப் பற்றிப் பேசும்போது, இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் சுமந்துவந்த ஒரு கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோனது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரைகளாகின. 1997 இல் நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்புக்குக் கற்பித்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் புகையிரதத்தைக் கண்ட நினைவுடையவரல்லர். பாடத்திலோ புகையிரதம் வந்தது. கரும்பலகையில் ஒன்றை வரைந்தேன். நான் பயணம் செய்ததெல்லாம் டீசல் எஞ்சினில். ஆயினும் வரைந்தது புகைபோக்கி வைத்த நீராவி எஞ்சினை. பாடநூற் படங்களிலும் 'புகையிரதம்' என்ற சொல்லிலும் இருந்ததை வரைந்தேனேயன்றி, என் கண் கண்டதை வரையவில்லை.

முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "சேர், றெயிலுக்கு ஸ்ரியறிங் இல்லையெண்டால் வளைவிலை எப்பிடித் திரும்பும்?" என்று கேட்டாள்.

"தண்டவாளம் திருப்பும்" என்றேன்.

"எப்பிடித் திருப்பும்?"

"சக்கரத்துக்கு ஒரு விளிம்பு இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அவளுடைய முகத்தில் திருப்தியில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு இயந்திரங்களைப் பற்றி அதற்குமேல் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று இருக்கவில்லை. நான் சொன்ன விடை பெரும்பாலும் பிழையென்பதை ஸ்காபரோவின் நிலவறையொன்றிலேதான் அறிந்தேன்.

புகையிரதச் சக்கரம் உருளை வடிவினதன்று. அது சற்றே கூம்பு வடிவினது. உட்புறம் பருத்து வெளிப்புறம் சிறுத்திருக்கும். உண்மைச் சக்கரத்தில் இச்சரிவு இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைவது வழக்கம். மாதிரிச் சக்கரத்துக்கு அமெரிக்கச் சங்கத்தின் நியமம் மூன்று பாகை, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருப்பதால் ஒன்றைவிட்டு மற்றது வேகமாகச் சுழல முடியாது. வளைவு வரும்போது வண்டி வெளிப்புறமாகச் சற்று ஒதுங்கும். அப்போது வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியாலும், உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியாலும் தண்டவாளத்தைத் தொடும். ஒரு சுற்றில் வெளிச்சக்கரம் கூடிய தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்வதால் அச்சு தானாகவே திரும்பிக்கொள்ளும். விளிம்பு என்பது காவலுக்கு மட்டுமே. வளைவு மிகக் கூர்மையானாலன்றி அதற்கு வேலையில்லை.

வாசகர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கோப்பிக் கடையில் தரும் கடதாசிக் குவளைகள் இரண்டை எடுத்து, வாயோடு வாய் சேர்த்து ஒட்டுங்கள். நடுவிற் பருத்து இருபுறமும் சிறுத்த வடிவம் கிடைக்கும். இரண்டு நீண்ட அடிமட்டங்களைத் தண்டவாளம்போல் சரிவாக வைத்து அதனை உருட்டிவிடுங்கள். எப்படிக் கோணலாக வைத்தாலும் ஆடியாடி நடுவுக்கு வந்து கீழே சென்று சேரும். இனிக் குவளைகளைப் பிரித்து, அடியோடு அடி சேர்த்து ஒட்டி உருட்டுங்கள். சிறிது தூரம் போவதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துவிடும்.

சென்ற ஆண்டு வாரயிறுதித் தமிழ் வகுப்பொன்றில் பிள்ளைகளுக்கு இதனைச் செய்து காட்டினேன். ஒரு மணிநேரம் குவளைகளை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்கோ அந்த நான்காம் வகுப்புச் சிறுமியின் நினைவு. அவளுக்கு இப்போது முப்பத்தேழு வயது இருக்கும். எங்கே இருக்கிறாளோ அறியேன். இப்பத்தி அவள் கண்ணிற் பட்டால், தாமதமான விடையை ஏற்றுக்கொள்வாளாக.

* * *

எஞ்சினும் மூன்று பெட்டிகளும் ஒருவாறு உருவானபின், கொழும்பு–காங்கேசன்துறைப் பாதையில் கார்ட் ஆகப் பணியாற்றிய பெரியவர் ஒருவரிடம் அவற்றைக் கொண்டுசென்றேன். எண்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிப்போகின்றன, ஆனால் நிலையங்களின் வரிசை மாறுவதில்லை. நாவற்குழி, யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஒரே மூச்சிற் சொன்னார். என் எஞ்சினைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஸ்ரேசன் எங்கை, மாஸ்ரர்?" என்றார்.

"சிறியதொரு மேடை அமைத்திருக்கிறேன் ஐயா, வீட்டில் இருக்கிறது."

"மேடையிலை ஆர் நிக்கிறது?"

"பயணிகள் சிலர். நிலைய அதிபர்."

"அவற்றை கையிலை வளையம் இருக்கோ?"

நான் விழித்தேன். அவர் பொறுமையோடு விளக்கினார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரும் புதிருமாக இரு வண்டிகள் வந்து மோதாதிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த பொறிகள் இருக்கும். அவற்றினுள்ளே உலோக வில்லைகள். ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டிருந்தால், அது மீண்டும் பொறிக்குள் சேரும்வரை அப்பகுதிக்குரிய வேறு எந்த வில்லையையும் இரு பக்கத்திலும் எடுக்க முடியாது. வில்லையைக் கையிற் பெறாத சாரதி அப்பகுதிக்குள் நுழையக்கூடாது. அந்த வில்லையைத் தோற்பையிலிட்டு ஒரு பெரிய வளையத்திற் கட்டி, நிற்காமற் போகும் வண்டிக்கும் எட்டிப் பிடிக்கும்படி நீட்டுவார்கள். எஞ்சினிலிருப்பவர் ஒரு கையாற் பழையதைப் போட்டு மறுகையாற் புதியதைப் பற்றுவார்.

"எஞ்சினை எல்லாரும் பாப்பினம் மாஸ்ரர். வளையத்தைப் பாக்கிறவன்தான் றெயில்வேக்காரன்" என்று முடித்தார்.

அன்றிரவே 0.3 மில்லிமீற்றர்க் கம்பியை ஓர் ஊசியின்மேற் சுற்றி, சிறு வளையமொன்று செய்து, 21 மில்லிமீற்றர் நிலைய அதிபரின் கையில் ஒட்டினேன். சிறுவனாக நூறு தடவையாவது நான் கண்டிருக்க வேண்டிய காட்சி அது. கண்டதாக நினைவேயில்லை. இப்போது பார்க்க வருபவர்கள் எல்லோரும் முதலிற் கேட்பது அந்த வளையத்தைப் பற்றித்தான்.

* * *

இப்படியான ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. ரொறன்ரோவுக்கு வடக்கே, தோண்ஹில்லில், ரப்பிடோ என்ற மாதிரிப் புகையிரத நிறுவனத்தை நடத்தும் ஜேசன் ஷ்ரொன் என்பவர், தாம் சிறுவயதிற் பயணம் செய்த வயா ரெயில் பெட்டியின் ஒரு பகுதியைத் தமது வீட்டு நிலவறையில் முழு அளவிலேயே அமைத்து வைத்தார். பழைய பெட்டியொன்றின் உண்மையான பாகங்களைக் கழற்றியெடுத்துப் பொருத்தினார். அவர் ஊரைவிட்டு ஓடிவந்தவரல்லர். ஆனாலும் அவருக்கும் ஒரு பெட்டி தேவைப்பட்டது.

"அதுதான் 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தையில் காங்கேசன்துறைக்கும் உண்மையான வண்டியே திரும்ப ஓடத் தொடங்கிவிட்டதே, பிறகேன் இந்தப் பொம்மை?" என்று என் துணைவியார் கேட்டார். நியாயமான கேள்வி. 2018 இல் நானும் அதிற் பயணம் செய்தேன். பெட்டிகளும் வேறு, பாதையும் புதிது. அங்குள்ள பிள்ளைகளுக்கு இனிக் கரும்பலகைப் படம் தேவையில்லை என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. திரும்ப ஓடும் வண்டிக்குப் போட்டியாக நான் இதனைச் செய்யவில்லை. நான் நேசித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒன்றை எவ்வளவு குறைவாக அறிந்திருந்தேன் என்பதை இந்த வேலை எனக்குக் காட்டியது. நம்மவர் பலரது நிலையும் இதுவே என்று அஞ்சுகிறேன். ஊர், கோயில், பாடசாலை, வண்டி என்று பிள்ளைகளிடம் ஓயாது பேசுகிறோம். அவர்கள் "எப்படி இருந்தது? எப்படி வேலை செய்தது?" என்று கேட்டால், பெருமூச்சைப் பதிலாகக் கொடுக்கிறோம். பெருமூச்சிலிருந்து பிள்ளைகள் எதையும் கற்பதில்லை. விடை தெரிந்தவர்களோ முதியோர் இல்லங்களில் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். தபாற்கந்தோரில், சீமெந்துத் தொழிற்சாலையில், உப்பளத்தில் வேலை செய்தவராய் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரருகில் ஒரு கொப்பியோடு அமருங்கள். உங்கள் ஏக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, எத்தனை, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

இறுதியாக ஓர் உதவி. என் நான்காவது பெட்டி முடிவுறாமல் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்தேவியில் ஓடிய மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பயணிகள் கதவு உட்புறமாகத் திறந்ததா, வெளிப்புறமாகத் திறந்ததா? மூவரைக் கேட்டேன். இருவர் உள்ளே என்றனர், ஒருவர் வெளியே என்றார். பெரும்பான்மை வாக்கினால் தீர்க்கக்கூடிய விடயமன்று இது. உறுதியாகத் தெரிந்தவர்கள் ஆசிரியர் பீடத்தின் மேற்பார்வையில் எனக்கு எழுதுங்கள். புகைப்படம் இருப்பின் இன்னும் நன்று, பிரதியெடுத்துத் திருப்பி அனுப்புவேன். அதுவரை அக்கதவு ஒட்டப்படாமல் மேசையிற் கிடக்கும்.